நாகைக்காரோணமும் கடல் கடந்த கலங்களும்

நாகப்பட்டினம் செல்லும் நம்மவர் பெரும்பாலும் காயாரோகணேசுவரரையும் நீலாயதாட்சியம்மையையும் தரிசித்துவிட்டு, அடுத்த பேருந்திலேயே சிக்கலுக்கோ திருவாரூருக்கோ புறப்பட்டுவிடுகின்றனர். நாம் இம்முறை அவ்வாறு விரையாமல், சந்நிதியில் வழிபட்டபின் கிழக்கே கடற்கரைவரை நடந்தோம். இத்தலத்தின் வரலாறு பாதி கோயிலிலும் பாதி கடலிலுமாகக் கிடக்கிறது.

சப்த விடங்கத் தலங்களுள் இதுவும் ஒன்று. இங்கு எழுந்தருளியுள்ள தியாகேசர் சுந்தர விடங்கர். அவருக்குரியது பாராவார தரங்க நடனம். கடலலை எழுந்து தாழ்வது போன்ற ஆட்டம். துறைமுக நகருக்கு இதனினும் பொருந்திய நடனம் வேறு உண்டோ? மூவராலும் பாடப்பெற்ற இத்தலத்தில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் முத்தும் கத்தூரியும் சாந்தும் விரைந்தோடும் குதிரையும் வேண்டிப் பாடினார். கலங்கள் வந்து பொருள் இறக்கும் ஊரின் இறைவனிடம் தம்பிரான் தோழர் கேட்க வேண்டியவற்றையே கேட்டார் என்று நமக்குத் தோன்றுகிறது.

சோழப் பெருவேந்தரின் கடற்படையை நினைக்குங்கால் நம் நெஞ்சு நிமிர்கிறது. 1025-ஆம் ஆண்டையொட்டி, அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தி, கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பற்றிய செய்தியை முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கிறது. ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், கடாரம் என வென்ற இடங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லும் அது, கலங்கள் புறப்பட்ட துறையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. நாகையே அத்துறை என்பது பலர் கருத்து.

விழா மேடைகளில் இவ்வெற்றியைப் பலகாலும் பேசுகிறோம். ஆனால் இக்கோயிற் கல்வெட்டுகள் சொல்லும் மற்றொரு செய்தியை ஏனோ பேசுவதில்லை. அதே இராசேந்திரனின் ஆட்சியில், படையெடுப்புக்குச் சில ஆண்டுகள் முன்னர், ஸ்ரீவிசய மன்னனின் அலுவலர்கள் இங்குள்ள வெள்ளித் திருமேனியான நாகையழகருக்கு அணிகலன்களும், கோயிலுக்குச் சீனக் கனகமும் அளித்துள்ளனர். அம்மன்னர் பௌத்தர், கொடை பெற்றவர் நம் பெருமான்!

அம்மன்னர்குலம் இந்நகரில் எழுப்பிய சூளாமணி விகாரத்துக்கு, 1006-இல் முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். அதனைச் செப்பேட்டில் பொறிப்பித்தவன் இராசேந்திரனே. பின்னாளில் அவ்வேடுகள் ஒல்லாந்து நாட்டு லெய்டன் நகரை அடைந்தமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

இவ்வளவு நட்புக்குப்பின் போர் ஏன்? சீனத்துக்குச் செல்லும் கடல்வழியின் நெருக்கான மலாக்கா நீரிணை ஸ்ரீவிசயத்தின் கையில் இருந்ததே காரணம் என்பர் வரலாற்றறிஞர். அது வணிகப் போட்டி. அதற்குச் சமயச் சாயம் பூசுவது பொருந்தாது. 1090-இல் கடாரத்தரசனின் தூதர் வேண்ட, முதற் குலோத்துங்கன் அவ்விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதி செய்தான். வெற்றியைச் சொல்லும் நாம் கொடையையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பாடுவது கோயிற்சுவருக்கே பிழை செய்வதாகும்.

பிற்காலத்துப் போர்களை விரிக்க வேண்டுவதில்லை. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தரும், 1781-இல் அவரிடமிருந்து ஆங்கிலேயரும் நகரைக் கைப்பற்றினர். 1746-இலும் 1782-இலும் ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பற்படைகள் இக்கடலில் பொருதன. அக்கொடிகள் யாவும் இறங்கிவிட்டன.

இறங்காமல் நிற்பது ஒரு வலைஞரின் வழக்கம். நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனார், வலையில் அகப்படும் முதல் மீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விடுவார். நாள்தோறும் ஒரே மீன் கிடைத்த வறுமையிலும் அதனையே விட்டார்; சுற்றம் பசித்தது. இறுதியில் மணிகள் இழைத்த பொன்மீன் ஒன்று அகப்பட, அதனையும் விட்டார். செல்வம் தேடிக் கலங்கள் குவிந்த துறையில், கைக்கு வந்த பொன்னைக் கடலுக்கே அளித்தவர் அவர்.

ஆவணி ஆயில்யத்தில் அவ்வரலாறு இன்றும் விழாவாக நடைபெறுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று இதே கடல் பொங்கித் தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களைக் கொண்டது நாகைக் கரையில்தான். மாண்டவர்களுள் மீனவக் குடும்பத்தினர் மிகப்பலர். அதற்குப் பின்னரும் ஆயில்யத்தன்று சுவாமி கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். படகு கடலுக்குள் செல்கிறது. கரையில் தீபம் காத்திருக்க, மீனவர் கையிலிருந்து பொன்மீன் நீரில் விடப்படுகிறது.