துலாவிலிருந்து தொடர்மாடி வரை

தீவகத்தின் வரலாற்றை எழுதியோர் கோட்டைகளையும் துறைமுகங்களையும் கோவில்களையும் பற்றி நிறையவே எழுதியுள்ளனர். அம்மண்ணில் வாழ்ந்த மனிதரின் கால்களைப் பற்றி எழுதியோர் குறைவு.

இருபதாம் நூற்றாண்டில் கடற்பாதைகள் அமையும் வரை, புங்குடுதீவிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினம் செல்வதென்றால் தோணியும் நடையுமே துணை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்வோர் இன்றும் குறிகட்டுவானில் படகேறவேண்டும். பல இடங்களிற் கிணற்றுநீர் உவர். நன்னீர்க் கிணற்றை நாடிக் குடத்துடன் நடப்பது பெண்களின் அன்றாடக் கடமை. தோட்டமுள்ள ஊர்களில் விடியுமுன்னரே துலா அசையத் தொடங்கிவிடும். ஒருவர் துலாவின் மீதேறி முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். கீழே ஒருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலிற் சரிப்பார். வீட்டின் மூத்தவர் மண்வெட்டியுடன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். ஓய்வுபெறும் வயது என்றொன்று அந்த ஒழுங்கில் இருக்கவில்லை.

இத்தகைய நீடித்த உழைப்பு உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை விஞ்ஞானம் அறிந்தது பிற்காலத்திலேதான். 1953 இல் லண்டன் பஸ் வண்டிகளின் சாரதிகளையும், நாள் முழுதும் மாடிப்படி ஏறியிறங்கிய நடத்துநர்களையும் ஜெரமி மொறிஸ் ஒப்பிட்டார். இருதய நோய் சாரதிகளிடமே மிகுந்திருந்தது. 1967 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஜோன் ஹொலோசி எலிகளை ஓடவைத்து ஆராய்ந்தார். தசைக் கலங்களின் இழைமணிகள் எரிபொருளை எரிக்கும் திறன் ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது. எங்கள் பாடநூல்கள் அனுசேபம் என்றும், தமிழகத்தார் வளர்சிதை மாற்றம் என்றும் குறிப்பிடும் செயலின் அடுப்படி இந்த இழைமணிதான். உழைக்கும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளிழுத்துக்கொள்கிறது. கொழுப்பையும் கூடுதலாக எரிக்கிறது.

முதுமையில் இது பலிக்குமா என்ற கேள்விக்கு அதே சென் லூயிஸ் நகரிலிருந்து 1991 இல் விடை வந்தது. 60 முதல் 71 வயது வரையான ஆண்களும் பெண்களும் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் நடையிலும் மெல்லோட்டத்திலும் பயிற்சி பெற்றபோது, உடல் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் சராசரியாக 24 வீதம் உயர்ந்தது. ஆண், பெண் வேறுபாடு இதிற் பெரிதாகத் தெரியவில்லை.

அக்காலத்து முதியோர் அனைவரும் நோயற்று வாழ்ந்தனர் என்று நான் கூறவரவில்லை. நலிந்தவர் பலர் முதுமையை எட்டவேயில்லை. எஞ்சியவரைப் பார்த்தே நாம் வியக்கிறோம்.

நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா ஓய்ந்தது. பஸ் வந்தது, நடை குறைந்தது. இவற்றைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் 1990, 1991 ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகள் வேறுவகையானவை. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்களிற் பெரும்பகுதியினர் வீடு வாசலை விட்டுக் குடாநாட்டுக்கு ஓடினர். அங்கே பொருளாதாரத் தடை. எரிபொருள் இல்லை. அறுபது கடந்தவர்களும் துவிச்சக்கரவண்டி மிதித்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, இதே மக்கள் இரண்டாம் முறையாக மூட்டை முடிச்சுகளுடன் நடந்தார்கள்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கியூபாவிலும் எரிபொருட் பஞ்சம். மக்கள் துவிச்சக்கரவண்டிக்கு மாறினர், உணவும் சுருங்கியது. சராசரியாக ஐந்து கிலோவுக்கு மேல் எடை குறைந்ததையும், பின்னர் நீரிழிவு மரணங்கள் வீழ்ந்ததையும், வசதி திரும்பியதும் இரண்டும் மீண்டும் ஏறியதையும் 2013 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. யாழ்ப்பாணத்துக்கு இதை அப்படியே பொருத்திப் பார்ப்பது கொடுமை. எங்களுக்கு மருந்தும் தடுக்கப்பட்டிருந்தது. இன்சுலின் ஊசியை நம்பியிருந்தவருக்குத் துவிச்சக்கரவண்டி மருந்தாகாது.

பின்னர் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன். பிள்ளைகள் அழைத்த பெற்றோர் தொடர்மாடிகளிற் குடியேறினர். ஆறு மாதம் குளிர், ஜன்னலோரம் நாற்காலி, பேரப்பிள்ளை பள்ளியால் வரும்வரை தொலைக்காட்சி. தெற்காசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே, குறைந்த எடையிலேயே வந்துவிடுவது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. நாற்காலி அதை இன்னும் விரைவுபடுத்தும்.

2002 இல் அமெரிக்காவில் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நோயின் விளிம்பில் நின்றோரை எடுத்துக்கொண்டது. வாரத்துக்கு 150 நிமிட நடை, உணவுக் கட்டுப்பாடு, சிறிது எடைக்குறைப்பு. நோய் வரும் வீதம் இவர்களிடம் 58 வீதத்தாற் குறைந்தது. அறுபது வயதைக் கடந்தோரிடம் 71 வீதத்தால். இளையோரைவிட முதியோருக்கே பயன் அதிகம் என்பதைக் கவனியுங்கள். சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006 இல் வெளியிட்ட ஆய்விலும் நடையும் உணவு மாற்றமும் பயன் தந்தன. அங்கே குறைவு 28.5 வீதம்.

ஒருநாள் நடையால் தசை பெறும் இன்சுலின் கூர்மை இரண்டு மூன்று நாட்களில் மங்கிவிடும். துலா மிதித்தவரின் தோட்டமும் இரண்டு மூன்று நாள் தண்ணீரின்றிப் பொறுக்காது.