தரைவாழ் யூட்ரிகுலேரியா

பூச்சியுண்ணும் செடிப் பேரினம். பெயரின் லத்தீன் வேர்ச்சொல்லுக்குச் சிறு தோற்பை என்று பொருள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் நீர் கசியும் பாறைகளில் பாசியோடு ஒட்டி வளரும் யூட்ரிகுலேரியா ஸ்ட்ரையாட்டுலா இதில் ஒன்று. வேர் கிடையாது. ஈர மண்ணுக்குள் ஓடும் இழைகளில் நுண்பைகள் தொங்கும். வாயிலிலுள்ள மயிரை இரை தொட்டதும் கதவு திறந்து, ஒரு மில்லி விநாடிக்குள் நீரோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். வேட்டையைப் பார்க்க ஆசைப்பட்டு வளர்ப்பவருக்குப் பூதான் கண்ணில் படும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாடித் தோட்டங்களில் வளர்க்க மழைநீரைச் சேமித்துக்கொள்வது நல்லது. உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது. பீட் பாசியும் நன்கு அலசிய மணலும் கலந்த தொட்டியை, விரற்கடை நீர் நிற்கும் தட்டில் வைக்க வேண்டும். எரு போட்டால் செடி பட்டுப்போகும். 1988இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்திலிருந்து அனுமதியின்றிப் பெயர்த்தெடுப்பது குற்றம்.