கண்ணாடியில் இட்ட கோடும் கோட்டில் நின்ற புள்ளியும்

1897-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் பிரௌன், தாம் அமைத்த கேதோடு கதிர்க் குழாயின் முகத்தில் மின்னோட்டத்தின் அசைவை ஓர் ஒளிப்புள்ளியின் அசைவாகக் கண்டபோது, அதுகாறும் பெரும்பாலும் முள் காட்டும் எண்ணாகவே அறியப்பட்டிருந்த மின்சாரம் மனிதர் கண்ணுக்கு உருவம் கொண்டு நின்றது. ஆனால் உருவம் வந்த இடத்தில் எண் நழுவிவிட்டது. பின்னாளில் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஒரு சுற்று அலையை எவ்வளவு கடத்துகிறதென்பதைத் திரையில் வளைவாகக் கண்டபோது, அவ்வளைவு எங்கே எழுகிறது, எங்கே சரிகிறது என்பது வெள்ளிடைமலையாகத் தெரிந்தாலும், அதன் சிகரம் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறதென்று கேட்டால், திரைமேல் வரைந்த கட்டங்களை எண்ணி உத்தேசமாகவே சொல்ல வேண்டியிருந்தது. தலையைச் சற்றுச் சாய்த்தாலும் குழாய்க் கண்ணாடியின் கனத்தினால் கோடு இடம்பெயர்ந்தாற்போல் தோன்றும். உருவத்தை இழக்காமல் எண்ணை மீட்ட முயற்சியே திரைக்கோட்டில் ஓரிடத்தைக் குறித்துக் காட்டும் மார்க்கரின் சரித்திரம் என்பது என் அபிப்பிராயம்.

அம்முயற்சியில் எனக்கு மிகவும் பிரியமானது வாபுலேட்டர் காலத்து உபாயம். அதிர்வெண்ணை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை இடைவிடாமல் நகர்த்திச் செல்லும் அந்தக் கருவியின் அலையோடு, ஸ்படிகத்தால் நிலைநிறுத்தப்பட்ட வேறோர் அலையையும் கலந்துவிட்டால், நகரும் அலை நிலையான அலையைக் கடக்கும் க்ஷணத்தில் மாத்திரம் இரண்டின் வித்தியாசம் குறைந்து பூஜ்யமாகி மீண்டும் வளரும். அந்தச் சிறு துடிப்பு வளைவின்மேல் ஒரு பருவைப்போல முளைத்துக் காட்டும். செவிக்கு அது குருவியின் சீழ்க்கைபோல் ஒலிக்குமாதலால் ஆங்கிலத்தில் அதற்குப் ‘பேர்டி’ என்று பெயர் வழங்கிற்று. சென்னையில் 1975-இல் தொலைக்காட்சி வந்த பிறகு நம் தொழிற்பயிற்சிக் கூடங்களிலும் இந்த வித்தை புழங்கியது. படத்துக்குரிய 38.9 மெகாஹெர்ட்ஸ் பரு, வளைவின் உச்சியிலும் இராமல் அடியிலும் இராமல், சரிவின் சரிபாதி உயரத்தில் வந்து அமரும்வரையில் பிளாஸ்டிக் திருப்புளியால் காயிலின் கோரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பவேண்டும், 33.4 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்குறியோ வளைவின் அடிவாரத்தில் கிடக்கவேண்டும். மார்க்கர் அலையைச் சற்றுத் தாராளமாகச் செலுத்திவிட்டால் வளைவே உருக்குலைந்து போகுமாதலால், அளக்க வந்த பொருள் அளக்கப்படும் பொருளைக் கெடுக்காமல் காப்பது தேர்ந்த கையின் லக்ஷணமாயிருந்தது.

மைக்ரோவேவ் அளவையாளருக்கு இந்த வசதியும் போதவில்லை. செலுத்திய அலையில் எவ்வளவு திரும்பி வருகிறதென்று அவர்கள் ஒப்பிட வேண்டியவர்கள். 1960-களில் அவர்கள் கையாண்ட சாதனம் மெழுகுப் பென்சில். வரும் அலை முழுவதையும் திருப்பியனுப்பும் ஒரு மூடியை முதலில் மாட்டி, அலையின் வலிமையைக் குறைக்கும் அட்டென்யுவேட்டரைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படிக்கும் திரையில் தோன்றும் கோட்டைக் கண்ணாடியின்மேல் பென்சிலால் பின்தொடர்ந்து வரைவார்கள். அலையின் வலிமையை உணர்ந்து திரைக்குத் தரும் டிடெக்டரின் குணம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒருபடித்தாக இராததால் அக்கோடுகள் நெளிந்து நெளிந்து செல்லும். பிறகு மூடியைக் கழற்றிச் சோதிக்கவேண்டிய பொருளை மாட்டி, அதன் கோடு எந்த இரண்டு மெழுகுக் கோடுகளுக்கு நடுவே ஓடுகிறதென்று பார்ப்பார்கள். அதிர்வெண் எல்லையை மாற்றினால் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

1978-இல் ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் கலிபோர்னியாவின் சாண்டா ரோஸாவிலிருந்து அலைகளை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் 8568ஏ என்னும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கொணர்ந்தபோது, கோடு முதலில் எண்களாக மாறி நினைவகத்தில் தங்கிப் பின்னரே திரைக்கு வந்தது. மெழுகுக்கு இனி அவசியமில்லை. பழைய கோட்டை நினைவில் நிறுத்திப் புதியதிலிருந்து கழித்துப் பார்க்கலாம். திருகைச் சுழற்றினால் பிரகாசமான ஒரு புள்ளி கோட்டின் மேடுபள்ளமெல்லாம் ஏறி இறங்கி, நின்ற இடத்தின் அதிர்வெண்ணையும் அளவையும் எழுத்தாகவே சொல்லிற்று. ‘பீக் ஸெர்ச்’ என்னும் பொத்தானை அழுத்தினால் புள்ளி தானே சிகரத்தில் போய் நிற்கும். அங்கிருந்து, இரு இடங்களின் வித்தியாசத்தைச் சொல்லும் டெல்டா மார்க்கரை இருபுறமும் 3 டெசிபெல் இறங்கவிட்டால், சோதிக்கும் வடிகட்டியின் அகலம் கைக்கு வந்துவிடும்.

ஆயினும் கோடு ஆயிரம் புள்ளிகளால் ஆனது. இரு புள்ளிகளுக்கு நடுவே கிடப்பதை மார்க்கர் எப்படிச் சொல்லும்? இதற்கும் அக்கருவியைச் செய்தவர்கள் வழி வைத்திருந்தார்கள். கவுண்டரை இயக்கிவிட்டால், இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருக்கும் வீச்சு மார்க்கர் நிற்கும் இடம் வந்ததும் ஒரு கணம் நின்று, அங்குள்ள அலையின் அதிர்வெண்ணை மெய்யாகவே எண்ணி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மேலே செல்லும்.