கண்மாயைக் காத்த நீர்க்கட்டிகள்

நம்ம மலருக்கு வரலாறு ஒண்ணு எழுதச் சொன்னாங்க. கண்மாய் வெட்டின ராஜாக்களைப் பத்திப் பள்ளிக்கூடத்திலேயே படிச்சிட்டோம். அந்தக் கண்மாயைக் காத்த நீர்க்கட்டியைப் பத்தி எந்தப் பாடத்திலும் இல்லை. அதனால அவரைப் பத்தி எழுதுறேன். சில ஊர்களில் அவரை நீர்ப்பாய்ச்சி, மடையன் என்றும் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. சுமார் 1,100 வருசத்துக்கு முன்னால், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், உத்திரமேரூரில் ஏரியைக் கவனிக்க 'ஏரி வாரியம்' இருந்தது. குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள். கால் வேலி நிலமாவது சொந்தமாக இருக்கணும், சொந்த மனையில் வீடு இருக்கணும், வேதம் படித்திருக்கணும், வயது 35-லிருந்து 70-க்குள் இருக்கணும் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நிலம் இல்லாதவருக்கு அதில் இடமில்லை.

ஆனா தண்ணிக்குள்ள இறங்கி வேலை பார்த்தவர் நீர்க்கட்டிதான். பழைய கண்மாய்களில் குமிழித் தூம்பு இருக்கும். நீந்திப் போய், மூழ்கி, மூடியைத் தூக்கினால்தான் மடை திறக்கும். நீரோடித் துளை வழியாகத் தண்ணியும், அதுக்குக் கீழே சேறோடித் துளை வழியாக வண்டலும் வெளியே போகும். மழைக்காலத்தில் ராத்திரி பகல் பார்க்காமல் கரையைச் சுற்றி வருவார். எங்கேயாவது கசிவு தெரிஞ்சா ஊரைக் கூப்பிடுவார். தண்ணி குறைஞ்சா முறை வச்சுப் பாய்ச்சுவார். இதுக்கெல்லாம் கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போடுற நெல்லுதான்.

நீர்க்கட்டிகளில் பலர் நிலமில்லாத தாழ்த்தப்பட்ட மக்கள். தனக்குன்னு வயல் இல்லாதவர் தலைமடைக்கும் கடைமடைக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் பாய்ச்சுவார் என்று பெரியவங்க சொல்லுவாங்க. ஊரே அவரை நம்பித் தண்ணியை ஒப்படைச்சது. ஆனா ஊர்க்கூட்டத்தில் பேச அவருக்கு இடம் கொடுக்கலை.

கோடையில் குடிமராமத்து நடக்கும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்காலைச் சுத்தம் செய்து, கரையை உயர்த்துவார்கள். கரம்பை மண்ணை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். கண்மாயும் ஆழமாகும், வயலுக்கும் சத்து சேரும். வெள்ளைக்காரன் 1858-ல் இதைக் கட்டாய வேலையாக்கிச் சட்டமே போட்டான். நாளாக நாளாக அந்த வழக்கம் தேய்ந்தது. பெரிய கண்மாய்கள் பொதுப்பணித்துறைக்கும், 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் போய்விட்டன. பிறகு பம்புசெட் வந்தது. கிணறு வைத்திருந்தவர்களுக்குக் கண்மாய் மேல் அக்கறை குறைந்தது. களத்து நெல்லும் குறைந்தது. நீர்க்கட்டியின் பிள்ளைகள் வேறு பிழைப்புக்குப் போனார்கள்.

2005-ல் நூறு நாள் வேலைச் சட்டம் வந்த பிறகு வரத்துக்கால் வெட்டியதும், மண் சுமந்ததும் பெரும்பாலும் நம்ம பெண்கள்தான். 2017-ல் அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டு வந்தது. ஆனா 2000-ல் போட்ட பாசன மேலாண்மைச் சட்டப்படி, ஆயக்கட்டில் நிலம் வைத்திருப்பவர்தான் பாசனச் சங்கத்தில் உறுப்பினர். பட்டா பெரும்பாலும் ஆம்பளைங்க பேரில்தானே இருக்கு? அன்னைக்கு நீர்க்கட்டிக்கு நடந்தது இன்னைக்கு நமக்கும் நடக்குது.

கிராம சபைக்கு நிலம் கேட்க மாட்டார்கள், ஓட்டு இருந்தால் போதும். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. குழுக் குழுவாகப் போவோம். வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அளக்கச் சொல்வோம். நீர்க்கட்டிக்கு ஒழுங்கான கூலி கொடுக்கத் தீர்மானம் போடச் சொல்வோம். கடன் கணக்கு எழுதுற அதே நோட்டில் கண்மாய்க் கணக்கையும் எழுதி வைப்போம் சகோதரிகளே.