பூட்டும் சாவியும்: திண்டுக்கல் தொழிற்சொற்கள்

திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கைவேலையாகச் செய்யப்படும் பூட்டுகள் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. இத்தொழிலில் வழங்கும் சொற்கள் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை.

பூட்டு என்பது தனித்தமிழ்ச் சொல். உண் என்பதிலிருந்து ஊட்டு, காண் என்பதிலிருந்து காட்டு பிறந்ததுபோல, பூண் என்னும் வினையின் பிறவினையே பூட்டு. பொருத்துதல், பிணைத்தல் என்பது பொருள். ஏர் பூட்டுவதும் வண்டி பூட்டுவதும் இதே சொல்தான். வில்லின் இரு முனைகளையும் நாண் பிணைப்பதுபோல் செய்யுளின் முதலும் முடிவும் இணைந்து பொருள் தருவதை இலக்கணத்தார் பூட்டுவிற்பொருள்கோள் என்றனர். கதவுக்குரிய கருவிக்கு இப்பெயர் வந்ததும் இப்பொருளில்தான்.

கதவை அடைத்துக் காக்கும் கருவியைக் குறிக்கும் பழஞ்சொல் தாழ். திருக்குறளில் 71, 1251 ஆகிய குறள்களில் இது வருகிறது. பின்னதில் தாழிட்ட கதவைக் கணிச்சி, அதாவது கோடரி, உடைக்கிறது. அத்தாழ் மரமா இரும்பா என்று குறள் சொல்லவில்லை. தாழைத் திறக்கும் கோலே மலையாளத்தில் இன்றும் 'தாக்கோல்'. தமிழில் திறவுகோல். பழைய கோயில்களின் நீண்ட திறவுகோல்களைப் பார்த்தவர்களுக்குக் 'கோல்' என்ற பெயர் விளங்கும்.

சாவி கடல்வழி வந்தது. போர்த்துக்கீசிய மொழியின் 'சாவே' என்பதே அதன் மூலம். அலமாரி, ஜன்னல், மேசை ஆகியனவும் அம்மொழி தந்தவையே. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. போர்த்துக்கீசியர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658 வரை ஆண்டனர். ஆனாலும் இலங்கைத் தமிழர் சாவியைத் 'திறப்பு' என்றே சொல்கின்றனர். ஆட்சி மட்டுமே சொல்லை நிலைநிறுத்தும் என்றால், சாவி அங்கேதான் முதலில் வேரூன்றியிருக்க வேண்டும்.

மூலப்பொருள்களில் இரும்பு தமிழ். பித்தளை 'பித்தல' என்னும் வடசொல்லின் திரிபு. மாங்காய்ப் பூட்டு வடிவத்தால் பெயர் பெற்றது.

பூட்டின் உள்ளே இருக்கும் லீவர் ஆங்கிலச் சொல். சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் இந்தத் தகடுகளைத் தூக்குகின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்துக்குச் சரியாக எழுந்தால்தான் பூட்டு திறக்கும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ திறக்காது. பாடநூலில் லீவருக்கு நெம்புகோல் என்று பெயர். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பட்டறையிலோ கடையிலோ அச்சொல் வழங்குவதில்லை. பூட்டு வாங்க வருபவர் கேட்பது, "எத்தனை லீவர்?" என்றுதான்.