அயர்லாந்துக் கழகங்களின் ஐரோப்பியப் பயணம்

உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது என்பது பழமொழி. ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் அமைந்த தீவாகிய அயர்லாந்தில், உள்நாட்டுக் காற்பந்துக் கழகங்களின் நிலை நெடுங்காலம் இப்பழமொழிக்கு விளக்கமாகவே இருந்து வந்தது. மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல் போன்ற ஆங்கிலேயக் கழகங்களின் ஆட்டத்தைக் காண வார இறுதியில் கப்பலேறிக் கடல் கடந்த அயர்லாந்து மக்கள் பலர். தம் வீட்டிற்கு அருகிலிருந்த திடலுக்கு நடந்து சென்றோரோ சிலரே. அத்தகைய கழகங்கள் ஐரோப்பியப் போட்டிகளில் ஓர் இடத்தைப் பெறுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

இந்நிலைக்குக் காரணங்கள் பல. 1884ஆம் ஆண்டில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கம் நாட்டின் பாரம்பரிய ஆட்டங்களை ஊர்தோறும் வளர்த்தது. அந்நிய ஆட்டங்களை ஆடக்கூடாதென்று தன் உறுப்பினர்களுக்கு அது விதித்திருந்த தடை 1971 வரை நீடித்தது. காற்பந்து நிர்வாகமும் பிளவுபட்டது. 1880இல் பெல்ஃபாஸ்ட் நகரில் உருவான சங்கத்திலிருந்து பிரிந்து, 1921இல் டப்ளினில் தனிச் சங்கம் அமைந்தது. அவ்வாண்டே அயர்லாந்து லீக் போட்டியும் தொடங்கியது. சிறிய நாடு, அதிலும் பிளவு. திறமைமிக்க சிறுவர்களோ பதினைந்து, பதினாறு வயதிலேயே இங்கிலாந்துக் கழகங்களால் அழைத்துச் செல்லப்பட்டனர்.

1957ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டப்ளினின் டேலிமவுன்ட் பார்க் திடலில் நிகழ்ந்தது இந்நிலையைத் தெளிவாக உணர்த்தும். ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் முதன்முதலாக அடியெடுத்து வைத்த அயர்லாந்து லீக் கழகம் ஷாம்ராக் ரோவர்ஸ். எதிர்த்து வந்ததோ மான்செஸ்டர் யுனைடெட். ரோவர்ஸ் 0-6 எனத் தோற்றது. அந்த ஆறு கோல்களில் இரண்டைப் போட்டவர் லியாம் வீலன் என்னும் இளைஞர். அவர் டப்ளினில், அத்திடலுக்கு அண்மையிலுள்ள காப்ரா பகுதியில் வளர்ந்தவர். ஊர்ப்பிள்ளை ஊர்க்கழகத்தையே வீழ்த்தினான். ஊரும் அவனைக் கண்டு பெருமிதம் கொண்டது. மறு ஆட்டத்தில் ரோவர்ஸ் 2-3 என்னும் கணக்கில் மானத்தோடு தோற்றுத் திரும்பியது. சில மாதங்களில், 1958 பிப்ரவரியில் நேர்ந்த மியூனிக் விமான விபத்தில் வீலன் தம் 22ஆம் வயதில் உயிர்நீத்தார்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் அயர்லாந்துக் கழகங்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் பெருமைக்குரிய தோல்விகளே. 1966இல் ஷாம்ராக் ரோவர்ஸ் மேற்கு ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கழகத்தை டப்ளினில் 1-1 எனச் சமன் செய்து, மியூனிக்கில் 2-3 எனத் தோற்றது. அவ்வாண்டு கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தை வென்றது அதே பேயர்ன் கழகந்தான். 1975இல் அத்லோன் டவுன் என்னும் சிற்றூர்க் கழகம் இத்தாலியின் ஏ.சி. மிலானைத் தன் சொந்தத் திடலில் 0-0 எனத் தடுத்து நிறுத்தியது. கிடைத்த பெனல்டியையும் தவறவிட்டது. மிலான் நகரில் 0-3 எனத் தோல்வி கண்டது. 1979இல் டண்டாக் கழகம் ஸ்காட்லாந்தின் செல்டிக்கிடம் ஒரே கோல் வேறுபாட்டில் வீழ்ந்தது. இவை ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்ந்த கதைகளாயின. ஆயினும் தோல்வியையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தில் ஓர் ஆபத்து உண்டு. காலப்போக்கில் அது வெற்றியை எதிர்பாராத மனத்தை உண்டாக்கிவிடும்.

இதற்கிடையில் ஐரோப்பியப் போட்டிகளின் அமைப்பே மாறியது. முன்னர் இரண்டு ஆட்டங்களில் தோற்ற கழகம் உடனே வீடு திரும்பும். பின்னர் குழு முறை வந்தது. நான்கு கழகங்கள் ஒரு குழுவில் சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு தன் ஊரிலும் அவர்கள் ஊரிலுமாக ஆறு ஆட்டங்கள் ஆடும். இக்கட்டத்தை அடைந்த கழகத்திற்கு ஆறு ஆட்டங்கள் உறுதி. பெரும் வருவாயும் உறுதி. அதனை அடையவோ பல தகுதிச் சுற்றுகளைக் கடக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு முதல் அயர்லாந்து லீக் தன் பருவத்தைக் குளிர்காலத்திலிருந்து மார்ச் முதல் நவம்பர் வரை என மாற்றிக்கொண்டது. கோடைகாலத் தகுதிச் சுற்றுகள் நடக்கும்போது ஆட்டக்காரர்கள் முழு உடல் வலிமையோடு இருப்பதற்கு இது துணைபுரிந்தது. மறு ஆண்டே ஷெல்போர்ன் கழகம் சாம்பியன்ஸ் லீக்கின் வாயில் வரை சென்று, ஸ்பெயினின் தெப்போர்த்திவோ லா கொருஞாவிடம் தோற்றது.

வாயிலைத் திறந்தது ஷாம்ராக் ரோவர்ஸ். அக்கழகத்தின் மில்டவுன் திடல் 1987இல் கைவிட்டுப் போயிற்று. திடல் இருந்த இடத்தில் வீடுகள் எழுந்தன. அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் ரோவர்ஸ் சொந்த வீடில்லாமல் பிறர் திடல்களில் குடியிருந்தது. 2005இல் கடன் சுமையால் மூழ்கும் நிலையிலிருந்த கழகத்தை இரசிகர்களே ஏற்று நடத்தினர். 2009இல் டப்ளினின் தாலா பகுதியில் நகராட்சியின் அரங்கம் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 2011 ஆகஸ்ட் 25ஆம் நாள், பெல்கிரேட் நகரில் பார்ட்டிசான் கழகத்தைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்று, ஐரோப்பா லீக்கின் குழுக் கட்டத்தை எட்டிய முதல் அயர்லாந்துக் கழகமாயிற்று ரோவர்ஸ். வெற்றிக் கோலைப் பெனல்டி மூலம் போட்டவர் ஸ்டீபன் ஓடானல்.

அடைந்த பின்னரே அதன் கடுமை தெரிந்தது. செப்டம்பர் 29ஆம் நாள் இலண்டனில் டோட்டன்ஹம் கழகத்திற்கு எதிராக ஸ்டீபன் ரைஸ் முதல் கோலைப் போட, ரோவர்ஸ் சில நிமிடங்கள் முன்னணியில் நின்றது. முடிவில் 1-3 எனத் தோற்றது. ஆறு ஆட்டங்களிலும் தோல்வி; புள்ளி ஒன்றும் இல்லை. போட்டவை 4 கோல்கள், வாங்கியவை 19.

அடுத்து எழுந்தது டண்டாக். 1903இல் இரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கிய அக்கழகம், 2012இல் பண நெருக்கடியால் மூடும் தறுவாயில் இருந்தது. பயிற்றுநர் ஸ்டீபன் கென்னி பொறுப்பேற்றபின் 2014, 2015, 2016 ஆகிய மூன்றாண்டுகளும் லீக்கை வென்றது. 2016இல் பெலாரஸ் நாட்டின் பாத்தே போரிசோவ் கழகத்தை 3-0 எனச் சாய்த்து முன்னேறியது. குழுக் கட்டத்தின் முதல் ஆட்டத்தில், நெதர்லாந்தின் அல்க்மார் நகரில், இறுதி நிமிடங்களில் கியரன் கில்டஃப் போட்ட கோலால் அயர்லாந்துக்கு முதல் புள்ளி கிடைத்தது. செப்டம்பர் 29ஆம் நாள், அதாவது இலண்டன் தோல்விக்குச் சரியாக ஐந்தாண்டுகள் கழித்து, தாலா அரங்கில் இஸ்ரேலின் மக்காபி தெல் அவிவ் கழகத்தை 1-0 என வென்றது டண்டாக். அக்கோலையும் கில்டஃபே போட்டார். குழுக் கட்டத்தில் ஓர் அயர்லாந்துக் கழகம் பெற்ற முதல் வெற்றி அதுவே. 2011இல் பெனல்டியை அடித்த அதே ஓடானல், இப்போது டண்டாக் ஆட்டக்காரர்களின் தலைவராக விளங்கினார். குழுவில் நான்கு புள்ளிகளோடு இறுதி இடமே கிடைத்தாலும், இயலாது என்ற எண்ணம் அன்று உடைந்தது.

ஏற்றம் நேர்க்கோட்டில் அமைவதில்லை. 2020இல், நோய்த்தொற்றுக் காலத்தில், டண்டாக் மீண்டும் குழுக் கட்டத்தை அடைந்து ஆறிலும் தோற்றது. 2022இல் ஷாம்ராக் ரோவர்ஸ் கான்பரன்ஸ் லீக்கில் இரண்டு புள்ளிகளே பெற்றது. ஆயினும் பயிற்றுநர் ஸ்டீபன் பிராட்லியின் பொறுமை வீண்போகவில்லை. 2024இல் குழுக்கள் நீங்கி, 36 கழகங்கள் ஒரே பட்டியலில் இடம்பெறும் புதிய முறை வந்தது. அதில் ரோவர்ஸ் மூன்று வெற்றி, இரண்டு சமநிலை, ஒரு தோல்வி எனப் 11 புள்ளிகள் பெற்றுப் பத்தாம் இடத்தைப் பிடித்தது. அந்த ஒரே தோல்வியும் இலண்டனின் செல்சியிடம் கண்டதாகும். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் புள்ளியின்றித் திரும்பிய அதே கழகம், அடுத்த சுற்றுக்கு உரிமையோடு முன்னேறியது.

அச்சுற்றில், 2025 பிப்ரவரியில், நார்வேயின் மோல்டே நகரில் ரோவர்ஸ் 1-0 என வென்றது. கோலைப் போட்டவர் மைக்கல் நூனன், வயது பதினாறு. மறு ஆட்டத்தில் தோற்றுப் பெனல்டிகளில் ரோவர்ஸ் வெளியேறியது உண்மையே. எனினும் அக்கோலின் பொருள் ஆழமானது. ஐரோப்பிய ஒன்றியத்தினின்று பிரிட்டன் விலகியதால், 2021 முதல் பதினெட்டு வயது நிரம்பாத வெளிநாட்டு ஆட்டக்காரர்களை அங்குள்ள கழகங்கள் சேர்த்துக்கொள்ள இயலாது. முன்னர்க் கப்பலேறிப் போயிருக்கக்கூடிய சிறுவர்கள் இன்று தாய்நாட்டிலேயே வளர்கின்றனர். அதே 2025ஆம் ஆண்டில் ஷெல்போர்ன், ஷாம்ராக் ரோவர்ஸ் ஆகிய இரண்டு கழகங்களும் ஒருசேரக் கான்பரன்ஸ் லீக்கின் பிரதானக் கட்டத்தை அடைந்தன.

1957இல் டப்ளின் இளைஞர் ஒருவர் அயல்நாட்டுக் கழகத்தின் சட்டையணிந்து வந்து, டப்ளின் கழகத்திற்கு எதிராகக் கோல் போட்டார். 2025இல் பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் டப்ளின் கழகத்திற்காகவே அயல்நாட்டில் கோல் போட்டார். இவ்விரு கோல்களுக்கும் இடைப்பட்ட அறுபத்தேழு ஆண்டுகளே அயர்லாந்துக் கழகங்களின் வரலாறு. சிறுவர்களைத் தாய்நாட்டில் நிறுத்தியது சட்டம்; அவர்கள் நின்று ஆடத் திடலும் கழகமும் இருக்கும்படி காத்தவர்கள், வீடிழந்த காலத்திலும் கழகத்தைக் கைவிடாத சாதாரண மக்கள். உள்ளூர் மாடு விலைபோகாமைக்குக் குறை மாட்டினிடம் மட்டும் இல்லை. அதற்குத் தீனி போட்டு வளர்க்க மறந்த ஊரினிடமும் உண்டு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.