தேய்த்த கை யாருடையது? சரும நலத்தின் சொல் வரலாறு

'ஷாம்பு' என்ற ஆங்கிலச் சொல் இந்தியிலிருந்து சென்றது என்பதை மொழியியல் மாணவர்கள் பலரும் அறிவர். எந்த இலக்கண வடிவில் அது சென்றது என்பதே குறைவாகப் பேசப்படுவது. இந்தியில் 'சாம்ப்னா' என்றால் அழுத்துதல், பிசைதல். ஆங்கிலம் கடன் பெற்றதோ 'சாம்போ' என்னும் ஏவல் வடிவத்தை. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, இவ்வாறு ஏவலிலிருந்து பிறந்த ஆங்கிலோ-இந்திய வினைகள் பலவற்றைச் சுட்டுகிறது. பனாவோ (செய்), லகாவோ (கட்டு), பக்கடோ (பிடி) ஆகியவை அவ்வகையின. ஒரு மொழியின் வினைகள் ஏவல் வடிவிலேயே ஒருவர் காதில் நிலைத்துவிட்டன என்றால், அம்மொழியை அவர் பெரும்பாலும் கட்டளையிடவே பயன்படுத்தினார் என்று கொள்ளலாம்.

சரும நலப் பழக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் எண்ணெயையும் மூலிகையையும் பட்டியலிடுகின்றனர். தேய்த்த கையையும், வார்த்த நீரையும் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் சொற்களும் நூல்களும் அவ்விரண்டுக்கும் போதிய தடயங்களை விட்டுச் சென்றுள்ளன.

வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் 'தினசரியா' என்னும் அத்தியாயம் அன்றாட ஒழுங்கை வகுக்கிறது. நாள்தோறும் எண்ணெய் பூசுதல் (அப்யங்கம்), உடற்பயிற்சி, பொடி தேய்த்தல் (உத்வர்த்தனம்), பின் நீராடல் என்பது அதன் வரிசை. அப்யங்கத்தின் பயன்களுள் ஒன்றாக அந்நூல் கூறுவது 'சுத்வக்த்வம்', அதாவது நல்ல தோல் உடைமை. உத்வர்த்தனத்தின் பயன் 'த்வக்பிரசாதம்', தோலின் தெளிவு. இவ்விடத்தில் பேசப்படுவது தெளிவேயன்றி வெண்மையன்று. ஆயினும் பழமை நிறத்தைப் பொருட்படுத்தவில்லை என்று முடிவு கட்டுவதும் பிழை. சரகரின் மருந்து வகைப்பாட்டில் நிறத்தைச் சிறக்கச் செய்யும் 'வர்ண்யம்' என்ற தனித் தொகுதியே உண்டு. உத்வர்த்தனம் என்ற சொல்லே தேய்ந்து இந்தியில் 'உப்டன்' ஆயிற்று. கடலைமாவும் மஞ்சளும் குழைத்துத் திருமண வீடுகளில் இன்றும் பூசப்படும் அது, நம் நலுங்குமாவுக்கு உறவு.

வாக்படர் அப்யங்கத்தை விதிக்கும் வினை, 'செய்க' என்னும் விதி வடிவில் நிற்கிறது. செய்பவர் தம் கையாலேயே தேய்த்துக்கொள்கிறாரா, பிறர் தேய்த்துவிடுகின்றனரா என்பதை அவ்வினை காட்டவில்லை. தமிழில் 'தேய்த்துக்கொள்', 'தேய்த்துவிடு' என்ற துணைவினைகளே அவ்வேறுபாட்டை உணர்த்திவிடும். அங்கே அந்த இடம் வெற்றாக உள்ளது.

வெற்றிடத்தை நிரப்புவன பிற நூல்கள். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம், ஒற்றர்களாக அமர்த்தத்தக்க பணியாளரைப் பட்டியலிடுகையில் நீராட்டுவோர், உடல் பிடித்துவிடும் சம்வாஹகர், நாவிதர், நீர் கொணர்வோர் ஆகியோரை வரிசையாகச் சொல்கிறது. உடலுக்கு அத்தனை அணுக்கமாக இருந்தும் கவனிக்கப்படாதவர் என்பதே அவர்களை ஒற்றுக்குத் தகுதியாக்கியது போலும்.

சூத்திரகரின் மிருச்சகடிகத்தில் வரும் சம்வாஹகன் இன்னும் தெளிவாகப் பேசுகிறான். பாடலிபுத்திரத்தில் இல்லறத்தார் ஒருவரின் மகனாகப் பிறந்து உஜ்ஜயினிக்கு வந்தவன் அவன். அவன் தொழிலை நுண்கலை என்று வசந்தசேனை பாராட்டுகிறாள். கலையாகக் கற்றது இப்போது பிழைப்பாகிவிட்டது என்பது அவன் மறுமொழி. நாடகம் அவனைத் தொழிற்பெயராலேயே அழைக்கிறது.

அதே நகரில், அப்போது பாட்னா என வழங்கிய ஊரில், 1759இல் பிறந்தவர் ஷேக் தீன் முகமது. கம்பெனியின் வங்கப் படையில் பணியாற்றி, அயர்லாந்தில் குடியேறி, 1794இல் தம் பயண நூலை வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூலாக அது கருதப்படுகிறது. பின்னர் பிரைட்டனில் நீராவிக் குளியலும் உடற்பிடிப்பும் அளிக்கும் நிலையம் நடத்தினார். 1822இல் அச்சிகிச்சை பற்றித் தனிநூல் எழுதினார். நான்காம் ஜார்ஜ் மன்னரின் 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். ஏவலாகக் கேட்கப்பட்ட சொல்லைத் தம் பெயருடன் இணைந்த பட்டமாக அவர் மாற்றிக்கொண்டது எளிய செயலன்று. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சொல் தலைமுடி கழுவுதலைக் குறிக்கத் தொடங்கியது. பின்னர் குப்பியில் அடைபட்ட பொருளின் பெயராயிற்று. பிசையும் கை சொல்லின் பொருளிலிருந்தே நீங்கிவிட்டது.

எண்ணெய்க்கும் பொடிக்கும் கை வேண்டும் எனில், வரிசையின் இறுதியிலுள்ள நீராடலுக்கு நீர் வேண்டும். அது எல்லார்க்கும் பொதுவாக இருந்ததில்லை. பொது நீர்நிலைகளை ஒடுக்கப்பட்டோர்க்கும் திறந்துவிட பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானித்தது. ஆயினும், 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவதார் குளத்தில் நீர் அருந்த அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு செல்ல வேண்டியிருந்தது. அதன்பின் சாதி இந்துக்கள் அக்குளத்தைச் 'சுத்திகரித்தனர்'. வழக்கு 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் முடிவுற்றது. தினமும் நீராடுக என்ற விதியையும், இந்நீரைத் தொடாதே என்ற விலக்கையும் ஒரே சமூகம் ஒருங்கே பேணிவந்தது. நீரை மறுத்துவிட்டு, நீராடாமையை இழிவுக்குச் சான்றாகக் காட்டியது.

இது பழங்கதையன்று. சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் சேர்த்தது. சிற்றுண்ணியால் வரும் அந்நோய் தோலோடு தோல் ஒட்டும் நெரிசலில் பரவுகிறது. ஒரே அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டில் அதைத் தனிமனிதரின் அசுத்தம் என்று சொல்வது மருத்துவப்படியும் தவறு. குளி, பூசு, ஈரப்பதம் காத்திடு என்று நாம் இன்றும் ஏவல் வினைகளிலேயே அறிவுரை வழங்குகிறோம். ஏவலைக் கேட்பவரிடம் நீரும் நேரமும் இடமும் உள்ளனவா என்பதைச் சரும நல வரலாறு முதலில் கேட்க வேண்டும்.

'தேய்த்துக்கொள்', 'தேய்த்துவிடு' போன்ற இணை பிற இந்திய மொழிகளின் குளியல் சொற்களில் எவ்வாறு அமைகிறது என்பதை அறிந்தவர்கள் எழுதினால், இவ்வாய்வு மேலும் விரியும்.